கொழும்புக் கோச்சிக்கு முதுகு காட்டி

யாழ்ப்பாணம் புகையிரத நிலையம் என்று பேச்சு வந்தால் எங்கள் வயதுக்காரருக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. ஒருவர் யாழ்தேவியின் வேகத்தைச் சொல்வார். இன்னொருவர் நிறை பார்க்கும் மெசினில் காசு போட்டால் வரும் அட்டையைச் சொல்வார். தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி, தொங்கும் மணிக்கூடு, புகையிலைச் சிப்பங்களின் காரம் என்று பட்டியல் நீளும். நானும் தலையாட்டிக்கொண்டு இருப்பேன். ஆனால் எனக்கு அந்த மேடையோடு முதலில் வருவது பயம். அதற்குப் பின்னால் அழுகின மாம்பழ மணம்.

திகதிகளைச் சரிபார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பது வீட்டில் என்னோடு இருக்கும் உங்களுக்குத் தெரியும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். எங்கள் நிலையத்துக்கு முதன்முதல் வந்த கோச்சி, ரயிலை அப்படித்தான் சொல்வோம், கொழும்பிலிருந்து வரவில்லை. 1902இல் வடக்குக் கரையிலுள்ள காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில்தான் பாதை திறந்தார்கள். தெற்கோடு அது இணைந்தது 1905இல். அந்த இடைக்காலத்தில் எஞ்சினும் பெட்டிகளும் கடலால் வந்து இறங்கியிருக்க வேண்டும்; வேறு வழி இல்லை. ஆனால் நாங்கள் பிறந்த காலத்தில் இதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கோச்சி என்றால் தெற்கே நாவற்குழிப் பக்கமிருந்து வருவது. மேடையில் நிற்பவர்களின் கழுத்தெல்லாம் அந்தப் பக்கமே திரும்பியிருக்கும்.

எங்கள் வீடு நிலையத்துக்குப் பின்னால், நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. ஐயா, அம்மா, நான், ஐயாவின் தமக்கையான மாமி. மாமி இளவயதிலேயே கணவனை இழந்தவர். ஐயாவின் தம்பி, என் சித்தப்பா, தெற்கே களுத்துறைக்குக் கிட்ட ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் மாமி. அவர் லீவில் வரும்போதெல்லாம் மாமி ஸ்ரேசனுக்குப் போவார். ஆனால் முன்னுக்கு நிற்கமாட்டார்.

வந்து இறங்குபவன் முதலில் பார்க்கும் முகம் நல்ல முகமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊரின் கணக்கு. அதை முழிவியளம் என்பார்கள். புருசன் இல்லாத பெண்ணின் முகம் அதற்கு ஆகாது. அதனால் மாமி ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டு என்னை முன்னே தள்ளுவார். 1956இல், யாழ்தேவி ஓடத் தொடங்கிய வருடம், சித்தப்பா இறங்கியதும் முதலில் கண்டது என்னை. அடுத்த மாதமே அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அன்றோடு அந்த வேலை எனக்கு நிரந்தரமாகிவிட்டது. முகம் கழுவி, பொட்டு வைத்து, தலையில் பூச்செருகி, தூணுக்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள்.

"சிரிச்ச முகமாய் நில்லு. வாயை மூடிக்கொண்டு சிரி," என்பார் மாமி, தூணுக்குப் பின்னாலிருந்து.

சித்தப்பா கலியாணம் கட்டிச் சின்னம்மாவையும் தெற்கே கூட்டிப்போன பிறகு இரண்டு பேராக இறங்குவார்கள். தமிழ்ப் பகுதி தொடங்கும் வவுனியா தாண்டியதும் பெட்டிக்குள் எல்லாரும் உடுப்பு மாற்றத் தொடங்குவார்கள் என்று சின்னம்மா சொல்வார். காற்சட்டைகள் வேட்டியாகும். பெண்கள் கசங்கிய சேலையை மாற்றிப் புதிதாகப் பொட்டு வைப்பார்கள். எங்கள் மேடையில் இறங்கும்போது எல்லார் நெற்றியும் பளிச்சென்று இருக்கும். அதைப் பார்த்தே நாங்கள் பழகியிருந்தோம்.

1958, வைகாசி, அதாவது மே மாதக் கடைசி. தெற்கில் தமிழரை அடிக்கிறார்கள், கோச்சியை மறிக்கிறார்கள் என்ற கதை வந்தது. எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் பூட்டிவிட்டார்கள். பெரியவர்கள் வானொலிக்குப் பக்கத்தில் மெதுவாகக் கதைப்பதும், நான் போனால் நிறுத்துவதுமாக இருந்தார்கள். சித்தப்பாவிடமிருந்து செய்தி இல்லை. கோச்சி வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. சித்தப்பா வருகிற நாளில் என் முகத்தைப் பார்க்கட்டும் என்று மாமி ஒவ்வொரு காலையும் என்னைக் கழுவித் துடைத்து இழுத்துக்கொண்டு போவார்.

சின்னம்மா வந்த நாளை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. அவர் செவ்வாய் என்றார், ஐயா புதன் என்றார், மாமி கடைசிவரை அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. காலை என்பது மட்டும் நிச்சயம். கோச்சி மிக மெதுவாக வந்தது. சில யன்னல்களில் கண்ணாடி இல்லை. இறங்கியவர்கள் யாரும் போர்ட்டரைக் கூப்பிடவில்லை. கூப்பிட அவர்களிடம் பெட்டிகள் இல்லை.

கூட்டத்துக்குள் நான் சின்னம்மாவைக் கண்டேன். அவர் என்னைக் கண்டார். வெளிறிப்போன ஒரு சேலை. நெற்றியில் பொட்டு இல்லை. மூக்குத்தி இல்லை, தோடு இல்லை. கழுத்தில் தாலிக்கொடி இல்லை. பக்கத்தில் சித்தப்பா இல்லை.

எனக்குப் பின்னால் தூணில் தலை மோதும் சத்தம் கேட்டது.

"ஐயோ, என்ரை ராசா! உன்னை வளர்த்துக் கடலுக்கை எறிஞ்சது போலை எறிஞ்சிட்டனேடா!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் செத்த வீடுகளில் மட்டுமே கேட்டிருந்தேன். மாமி தூணை விட்டு வெளியே வந்து மேடையில் விழுந்து மார்பில் அடித்தார். சின்னம்மா ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு, "என்ரை அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து மாமியின் மேல் விழுந்தார். இருவரும் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் சுற்றி நின்ற பெண்களும் அழத் தொடங்கிவிட்டார்கள். நான் நடுவில் வாயை மூடிச் சிரித்த முகத்தோடு நின்றேன். அந்தச் சிரிப்பை எப்படிக் கழற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வாசலில் இறங்குபவர்களிடம் டிக்கற் வாங்குபவர் எங்களைத் தெரிந்தவர். அவர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அழாதையுங்கோ அம்மா. ஆர் சொன்னது? எப்ப நடந்தது?"

"ஆர் சொல்லோணும்? உவளின்ரை நெத்தியைப் பாருங்கோவன்!" என்றார் மாமி.

அவர் சின்னம்மாவிடம் திரும்பினார். "பிள்ளை, எங்கை வைச்சு நடந்தது?"

"எனக்குத் தெரியாது ஐயா. நான் ஏறேக்கை உயிரோடை நிண்டவர். மச்சாளுக்குத்தானே தந்தி வந்திருக்கு."

மாமியின் அழுகை நின்றது. "எந்தத் தந்தி?"

"தந்தி வராமல் ஏன் மச்சாள் ஒப்பாரி வைச்சனீங்கள்?"

"நீ ஏன்ரி வெறும் நெத்தியோடை வந்து இறங்கினனீ?"

"அது அவர் துடைச்சு விட்டது. கொழும்புக் கோட்டை ஸ்ரேசனிலை, தன்ரை கைலேஞ்சியாலை."

ஒரு போர்ட்டர் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமி எழுந்து சேலையைத் தட்டவும் மறந்து நின்றார். கூட்டத்தில் ஒரு கிழவி, "உயிரோடை இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைச்சிட்டியள். கெதியாப் போய் முழுகுங்கோ," என்றாள். மாமியின் முகத்தில் நான் கண்டதற்கு அன்று பெயர் சொல்லத் தெரியாது. ஒருவரைத் தன் வாயால் கொன்றுவிட்டோமோ என்ற பயம் அது.

வீட்டுக்கு வந்து மாமி கிணற்றடியில் துலாவை இழுத்து இழுத்து வாளி வாளியாக ஊற்றினார். சின்னம்மா அடுப்படியில் இருந்து நடந்ததைச் சொன்னார். அவர்கள் இருந்த தெருவில் கதவு தட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், இருட்டும் முன்னரே கொழும்புக்கு வந்திருக்கிறார்கள். சித்தப்பாவுக்குக் காது குத்தியிருந்தது. காதைப் பார்த்தே தமிழன் என்று பிடிக்கிறார்கள், நான் கூட வந்தால் உனக்கும் ஆபத்து என்று சொல்லியிருக்கிறார். அநுராதபுரம் போகும், ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கிப் பெண்மணியிடம் சின்னம்மாவை ஒப்படைத்தார். நகைகளைக் கழற்றித் தாலிக்கொடியை உள்பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்தார்கள். பெட்டியில் இருந்த சேலைகளில் கண்ணில் படாத நிறத்தைச் சித்தப்பாவே தேடி எடுத்தார். கடைசியாகப் பொட்டைத் துடைத்தார். வழியில் தமிழரைத் தேடி ஆட்கள் ஏறியபோது, இது எங்கள் வீட்டு வேலைக்காரி என்று அந்தப் பெண்மணி சொன்னாராம்.

"வவுனியா தாண்டினாப் பிறகாவது வைச்சிருக்கலாமே பிள்ளை," என்றார் அம்மா.

"மறந்து போனன் அக்கா. நெத்தி எண்டு ஒண்டு இருக்கிறதையே மறந்து போனன்."

அம்மா குங்குமச்சிமிழை நீட்டினார். சின்னம்மா கை நீட்டவில்லை. "அவர் துடைச்சது. அவரே வந்து வைக்கட்டும்," என்றார்.

அதிலிருந்துதான் எங்கள் வீட்டில் உண்மையான பயம் தொடங்கியது. இன்று யோசித்தால், சின்னம்மா சொன்னது நேர்த்திக்கடன் போல ஒன்று. சித்தப்பா வருவார் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே பிடி. மாமிக்கு அது வேறு மாதிரிப் பட்டது. கணவன் இருக்கும்போதே வெறும் நெற்றியோடு இருப்பது எமனுக்கு வாசல் திறந்து வைப்பது. காலையும் மாலையும் கெஞ்சுவார்.

"உனக்குக் கால் பிடிக்கிறன், வைச்சுக்கொள்ளடி. என்னைப் போலை இருக்காதை."

"என்னை அழவைச்சது நீங்கள் மச்சாள். இப்ப ஏன் பொட்டு வைக்கச் சொல்லுறியள்?"

இருவரும் கெட்டவர்கள் அல்லர். ஒரே மனிதனின் உயிரை இரண்டு பக்கமிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அன்று எனக்கு அது சண்டையாகத் தெரிந்தது.

மாமி ஒரு பழைய தைலத் தகர டப்பியைக் கழுவி, அம்மாவைக் கொண்டு அதற்குள் குங்குமம் போடுவித்தார். தான் அதைத் தொடவில்லை. என் கையில் தரச் சொன்னார். "அவன் இறங்கின உடனை குடு. ஒரு நிமிசமும் பிந்தக்கூடாது." இப்படி நாங்கள் மூன்று பேராக ஸ்ரேசனுக்குப் போகத் தொடங்கினோம். தூணுக்குப் பின்னால் இரண்டு வெறும் நெற்றிகள். முன்னால் டப்பியோடு நான். அந்த டப்பியின் மூடியில் இருந்த துருவின் கீறல் இப்போதும் என் பெருவிரலுக்குத் தெரியும்.

அது கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம். தெற்குக்கு அனுப்ப என்று வைக்கோல் போட்டு அடுக்கிய மாம்பழப் பெட்டிகள் பார்சல் அறைக்கு வெளியே குவிந்து கிடந்தன. ஏற்ற ஒழுங்கான கோச்சி இல்லை. முதல் நாட்களில் வாசம் இனிமையாக இருந்தது. பிறகு பெட்டிகளின் அடியிலிருந்து சாறு வழிந்தது. குளவிகள் வந்தன. வெயில் ஏற ஏற அந்தப் புளித்த இனிப்பு மூக்கில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் எனக்கு மாம்பழம் வெட்டித் தரும்போதெல்லாம் நான் ஏதோ சாட்டுச் சொல்வேனே, காரணம் இதுதான்.

ஒரு நாள் கிணற்றடியில், பக்கத்து வீட்டுப் பெண் தன் தங்கையிடம் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"அந்தப் பெட்டையைத்தானே அவள் முதல் கண்டது. கண்ட உடனை ஒப்பாரி. நல்ல முழிவியளம்!"

"இனியாவது உந்தப் பெட்டையைக் கூட்டிக்கொண்டு போகாமல் விடட்டும்."

 வீட்டுக்குள் ஓடிக் கண்ணாடியைப் பார்த்தேன். என் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எந்த இடத்தில் பிழை என்று தெரிந்தால் கழுவலாம். பதவி உயர்வு என் முகத்தால் வந்தது என்றால், இதுவும் என் முகத்தால்தானே வரவேண்டும்? யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். பிள்ளைகளின் முகத்தில் இப்படி ஒரு சுமையை ஏற்றுகிறோம் என்று பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. அதிர்ஷ்டம் உள்ள பிள்ளை என்று சொன்னவர்கள் அன்பால்தான் சொன்னார்கள்.

மறுநாள் முதல் நான் ஒரு தந்திரம் செய்தேன். கொழும்புக் கோச்சி நாவற்குழிப் பக்கம் கூவும்வரை மாமி சொன்னபடி நிற்பேன். கூவியதும் மற்றப் பக்கம் திரும்பிவிடுவேன். என் முகத்தை இறங்குகிற ஒருவரும் காணக்கூடாது. தூணுக்குப் பின்னால் நின்றவர்களின் கண்கள் கோச்சியில் இருந்ததால் நான் திரும்பியதைக் காணவில்லை. வடக்கே கொக்குவில் பக்கம் நீண்டு போகும் வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, டப்பியை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஆட்கள் இறங்குவதையும் அழுவதையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு முறையும் பெட்டிக் கதவுகள் சாத்தப்படும். சித்தப்பாவின் குரல் வராது.

ஆனி பிறந்து சில நாளில், கொழும்பில் அகதிகளைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்குகிறார்கள் என்று தெரியவந்தது. ஐயா அங்கே போவோம் என்றார்.

"கோச்சியிலை போன பிள்ளை கோச்சியிலைதான் வரும்," என்றார் மாமி. "அவனுக்குக் கடல் ஒத்துவராது. சின்னனிலை ஊர்காவற்றுறைக்குப் போகேக்கையே சத்தி எடுத்தவன்."

"அக்கா, அவன் விருந்துக்கே வாறான்? ஏத்தினதிலைதான் வருவான்."

"நீ போ. நாங்கள் இஞ்சை நிக்கிறம்."

அப்படியே ஐயா பஸ் ஏறினார். நாங்கள் மூவரும் வழக்கம்போல மேடைக்குப் போனோம். அன்று கொழும்புப் பக்கக் கோச்சி பிந்தி, பகல் ஏறித்தான் கூவியது. நான் திரும்பினேன்.

அந்த நேரம் கொக்குவில் பக்கமிருந்தும் ஒரு கோச்சி வந்துகொண்டிருந்தது. காங்கேசன்துறைக் கோச்சி. அதை யாரும் வரவேற்கப் போவதில்லை, உள்ளூர்க் கோச்சிதானே. மற்ற மேடையில் அது நின்றது. அதிலிருந்து சாரங்களும் கசங்கிய சட்டைகளுமாக ஆட்கள் இறங்கினார்கள். உப்பும் வாந்தியும் கலந்த மணம் தண்டவாளத்தைக் கடந்து வந்தது. அவர்களில் ஒரு மெலிந்த மனிதர், மீசை இல்லாமல், யாரோ கொடுத்த பெரிய சட்டையோடு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைத் தெரியவில்லை. அவர் சிரித்தபோதுதான் தெரிந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்டுவிட்டாரே, என் முகத்தைத்தான் முதல் கண்டுவிட்டாரே என்ற நடுக்கம். இனி என்ன நடக்கும்?  தண்டவாளத்தைக் கடந்து யாரோ வருவதும், யாரோ ஏசுவதும் கேட்டது. பிறகு கப்பல் மணக்கும் ஒரு கை என் தலையில் இருந்தது.

"ஏன்ரி மோனை கண்ணைப் பொத்துறாய்? நான் என்ன பேயே?"

சத்தம் கேட்டுச் சின்னம்மா தூணின் பின்னாலிருந்து வெளியே வந்தார். சித்தப்பா நிமிர்ந்து அவரின் நெற்றியைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஒன்றும் விளங்காதவர் போல என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இஞ்சாரும், நான் செத்துப் போனனோ?"

சின்னம்மா அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் டப்பியை நீட்டினேன். மூடி துருவேறி இறுகிப் போயிருந்தது. சித்தப்பா பல்லால் கடித்துத் திறந்தார். குங்குமம் அவர் சட்டையில் கொட்டியது, என் கையில் கொட்டியது, மீந்ததை விரலால் தொட்டு வைத்தார். பொட்டு கோணலாக, ஒரு புருவத்துக்கு மேல் வந்து விழுந்தது.

"அக்கா எங்கை?"

தூணுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "நீ முதல் வீட்டை போ ராசா. போய் முழுகு. நான் பிறகு வாறன்."

சித்தப்பா தூணைச் சுற்றிப் போனார். மாமி மற்றப் பக்கம் நகர்ந்தார். அவர் இந்தப் பக்கம் வந்தால் மாமி அந்தப் பக்கம். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "பாராதையடா, என்னைப் பாராதை, நான் உனக்கு ஒப்பாரி வைச்ச முண்டம்," என்று மாமி சுற்ற, தம்பியும் சுற்ற, போர்ட்டர்மார் வேலையை விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் சித்தப்பா நின்று, மறுபக்கத்தால் கையை நீட்டி மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. தூணை நடுவில் வைத்து இருவரும் அப்படியே நின்றார்கள். ஐயா வெறுங்கையோடு காங்கேசன்துறையிலிருந்து திரும்பி வந்தபோது நாங்கள் சாப்பிட்டு முடித்திருந்தோம்.

சித்தப்பா அதன்பின் நீண்டகாலம் இருந்தார். என் முகத்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று நம்ப எனக்குச் சில வருடங்கள் எடுத்தன.

1977 ஆவணியில், தெற்கில் மறுபடியும் தமிழரை அடித்தபோது, நான் அதே மேடையில் நின்றேன். திரும்பவும் கண்ணாடி இல்லாத யன்னல்கள். மாமி அப்போது இல்லை. அவர் நின்ற தூண் இருந்தது. நாங்கள் தண்ணீரும் சாப்பிடப் பாணும் கொண்டு போயிருந்தோம். என் வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினாள். நெற்றி வெறுமை, கழுத்து வெறுமை, தனியாக. அவளை எதிர்கொள்ள வந்த அவள் வீட்டார் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். நான் என்னை அறியாமல் அந்தப் பழைய குரலை எதிர்பார்த்துக் காதைப் பொத்தப் போனேன்.

ஒருவரும் அழவில்லை. அவளுடைய தாய் முன்னால் வந்து, "எங்கை தைச்சு வைச்சிருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டாள். அவள் பாவாடை மடிப்பைத் தொட்டுக் காட்டினாள். தாய் தலையாட்டி, தன் மடியிலிருந்து குங்குமப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள்.

வரும்போதே கொண்டு வந்திருக்கிறாள். சுற்றிப் பார்த்தேன். காத்து நின்ற பெண்களில் எத்தனையோ பேரின் மடியில் அதே போல ஒரு பொட்டலம் முடிச்சாகத் தெரிந்தது.